குளவிப் புத்தகத்துக்கு எழுதிய சீட்டு

இலுப்பூர் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போடும் பெட்டி, இரண்டு ஸ்டூல், சுவரோரம் ஒரு புத்தக அலமாரி. அலமாரியில் இருப்பதெல்லாம் விலங்கு, பறவை, பூச்சி, மரம் பற்றிய புத்தகங்கள். வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரலாம். வேறு எதையும் வைப்பதில்லை.

ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வரப்புத் தகராறிலோ பட்டா பிரச்சினையிலோ மனசு கெட்டு வருகிறார்கள். அரசியல் புத்தகம் வைத்தால் கடைக்குள்ளேயே சண்டை வரும். சாமி புத்தகம் வைத்தால் ஏன் எங்கள் சாமி இல்லை என்பார்கள். காண்டாமிருகத்தோடு இந்தத் தாலுகாவில் யாருக்கும் பகை கிடையாது. கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டால் காத்திருப்பவர்கள் கையில் ஒரு காண்டாமிருகத்தைக் கொடுத்துவிடலாம்.

உண்மைக் காரணம் வேறு. எனக்கு மனிதர்களைப் பற்றிப் படிக்க அலுப்பாக இருக்கிறது. நாள் முழுக்க மனிதர்களின் காகிதங்கள்தான் கையில். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, போலீஸில் கொடுத்த புகார், கோர்ட்டில் போட்ட மனு. எதையும் நான் படிப்பதில்லை. கண்ணாடியில் கவிழ்ப்பேன், மூடுவேன், பொத்தானை அமுக்குவேன். கண் பார்க்கும், படிக்காது. அப்படிப் பழக்கிக்கொள்ளாவிட்டால் இந்தத் தொழில் செய்ய முடியாது. என் நாத்தனாருடைய விவாகரத்து மனுவை நானே ஐந்து காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விஷயம் எனக்கு ஊர் சொல்லித்தான் தெரிந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சீட்டு எழுதும் பழக்கம் தற்செயலாக வந்தது. எந்தப் புத்தகம் நன்றாக இருக்கும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரே பதிலை நாளைக்கு ஏழு தடவை சொல்ல வாய் வலித்தது. எழுதிச் செருகிவிடலாம் என்று தோன்றியது. கோடு விழுந்த காப்பி, கோணலாக வந்த காப்பி என்று தினமும் பத்திருபது தாள் வீணாகும். அவற்றை ஒன் சைடு என்று ஒரு கட்டாகப் போட்டு வைத்திருப்பேன். ஒரு தாளை எடுத்து ஸ்கேல் வைத்துக் குறுக்கே பாதியாகக் கிழித்தால் இரண்டு சீட்டு. வெள்ளையாக இருக்கிற பக்கத்தில் எழுதிப் புத்தகத்துக்குள் அரை அங்குலம் வெளியே தெரியும்படி செருகிவிடுவேன்.

எழுதுவதற்குச் சில விதிகள் வைத்துக்கொண்டேன். அருமை, அற்புதம் என்று எழுதக் கூடாது. யாருக்குப் பிடிக்கும் என்று எழுத வேண்டும், யாருக்குப் பிடிக்காது என்பதையும் எழுத வேண்டும். புத்தகத்திலிருந்து ஒரே ஒரு செய்தி சொல்லலாம். ஆந்தைப் புத்தகத்துக்கு இப்படி எழுதியிருந்தேன்: "கூரையில் ஆந்தை கத்தியது என்று மந்திரிக்கப் போகிறவர்கள், போவதற்கு முன் இதைப் படிக்கவும். படங்கள் கருப்பு வெள்ளை. எழுபது பக்கத்துக்கு மேல் ஆசிரியர் தன்னுடைய பதவி உயர்வைப் பற்றிப் பேசுகிறார். தாண்டிவிடலாம்." ஆமைப் புத்தகத்துக்கு: "அவசரமாக இருப்பவர்கள் எடுக்க வேண்டாம். ஆமை முட்டையை விட்டு வெளியே வரவே நாற்பது பக்கம் ஆகிறது."

சீட்டுக்கு நான் எதிர்பார்க்காத வரவேற்பு. புத்தகத்தைத் தொடாமல் சீட்டை மட்டும் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஜாதிச் சான்று வாங்க வந்த ஒரு அம்மா எல்லாச் சீட்டையும் வரிசையாக உருவிப் படித்துவிட்டு, எந்தச் சீட்டு எந்தப் புத்தகம் என்று தெரியாமல் மாற்றி மாற்றிச் செருகிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் யானைப் புத்தகத்துக்குள் கரையான் சீட்டு இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

சீட்டுகளுக்கு இருந்த வாசகர்களில் முதல் ஆள் அன்னவாசல் உரக்கடைக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். லைசென்ஸ் விஷயமாகத் தாலுகா ஆபீசுக்கு வந்தவர், கரண்ட் இல்லாத ஒரு மத்தியானத்தில் வண்டுகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்தார். அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒரு தடவை வருவார். பூச்சிப் புத்தகங்கள்தான் வேண்டும். பகலெல்லாம் பூச்சிமருந்து விற்றுவிட்டு மிச்ச நேரத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறீர்களே, மனசு உறுத்தவில்லையா என்று கேட்டேன். யாரைக் கொல்கிறோம் என்று தெரிந்திருப்பது ஒரு மரியாதைதானே என்றார். சீட்டுகளைத் திருப்பித் தர மாட்டார். ஒரு நீள நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தன் அபிப்பிராயத்தை எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். புத்தகத்தைவிடச் சீட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பெண் வந்தார். எனக்கு அக்கா வயதிருக்கும். மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, இன்சூரன்ஸ் கார்டுக்குக் கொடுக்க வேண்டும், மூன்று காப்பி என்றார். எடுத்தேன். முதல் காப்பியில் நடுவே கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அதை எடுத்து ஒன் சைடு கட்டில் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, மூன்று நல்ல காப்பி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்து, பையை மறுபடி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வழக்கம்போல நான் எதையும் படிக்கவில்லை.

அன்று சாயங்காலம் புதிதாக வந்த மூன்று புத்தகங்களுக்குச் சீட்டு எழுதினேன். எறும்பு, சாண வண்டு, குளவி. இரண்டு நாள் கழித்து உரக்கடைக்காரர் வந்து குளவியை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கும் நாலைந்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். இந்தத் தடவை கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு ஒவ்வொரு புத்தகமாக எடுத்துச் சீட்டைப் பார்த்தார். ரசித்துப் படிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவர் சீட்டுகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் இல்லாமல் ஆனதும் கிட்டே வந்தார். அவருடைய தெருவில் ஒரு வீட்டில் என் சீட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறார். பின்னால் யாருடைய ரேஷன் கார்டோ இருந்திருக்கிறது. அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

"அன்னைக்கு ஒரு காப்பில கோடு விழுந்துச்சுல்லங்க. அது எங்க இருக்கு?" என்றார்.

கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். கீழ்ப்பாதி கிடைத்தது. டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் இருந்தன. மேல்பாதி இல்லை. அவரிடமிருந்த அசலை வாங்கி, இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, அடுத்தவர் காகிதம் ஒன்றைப் படித்தேன். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மேல்பாதியில் அவர் பெயர், வயது, கணவர் பெயர், ஊர். அதற்கு நேர் கீழே, இங்கிலீஷில், மார்பில் புற்றுநோய் என்று இருந்தது.

எறும்புப் புத்தகத்தை எடுத்துச் சீட்டைத் திருப்பினேன். கரண்ட் பில். சாண வண்டைத் திருப்பினேன். யாரோ ஒருவரின் மார்க் ஷீட். அப்படியானால் குளவிதான். "அதை அன்னவாசல் உரக்கடைக்காரர் எடுத்துட்டுப் போயிருக்காரு. பயப்படாதீங்க, தெரிஞ்சவருதான், வாங்கிரலாம்" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அவருதாங்க எங்க சம்பந்தி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே மகள். உரக்கடைக்காரரின் மகனுக்கு நிச்சயமாகியிருந்தது. பையன் சிங்கப்பூரில் வேலை. கல்யாணம் தை மாதம். இவருக்குக் கட்டி இருப்பது வைகாசியில்தான் தெரிந்தது. சவுதியில் இருக்கும் கணவருக்கே சொல்லவில்லை, மகளுக்கும் தெரியாது. டாக்டர் உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்கிறார், இவர் தைக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கார்டுக்கு எழுதிப் போட்டது மட்டும்தான் இதுவரை செய்தது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்பார்கள், சம்பந்தம் முறிந்துவிடும், அதற்கப்புறம் மகளைக் கேட்டு யார் வருவார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா.

ஆறு மாதம் தள்ளிப்போடுவது சரியில்லை, இப்போதே மருத்துவம் பார்த்துக்கொள்ளலாமே, வெளியே யாருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மருந்து ஏத்துனா முடியெல்லாம் கொட்டிரும்ங்கிறாங்க. மொட்டத் தலையோட மணவறையில எப்படிங்க நிக்கிறது?"

அசலை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டி வண்டியை எடுத்தேன். அன்னவாசல் ரோட்டில் மயில்கள் வழக்கம்போல வண்டிக்கு முன்னால் நிதானமாகக் கடந்தன. மயில் புத்தகத்துக்கு நான் எழுதிய சீட்டு ஞாபகம் வந்தது. வயலில் கடலை போட்டவர்கள் படிக்க வேண்டாம், வயிறு எரியும் என்று எழுதியிருந்தேன். எவ்வளவு சாமர்த்தியமாக எழுதுகிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டது இப்போது எரிச்சலாக இருந்தது. வீணான காப்பியைக் கிழித்துப் போட வேண்டும் என்கிற அறிவு சின்னப் பிள்ளைக்கும் இருக்கும். எனக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் என் கர்வம்தான். படிக்கவே மாட்டேன் என்று இருந்ததால் என் கண்ணுக்கு அவை வெறும் தாள். எழுதாத பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

போகிற வழியெல்லாம் ஒரே கணக்கு. அவர் சீட்டைப் படித்திருப்பார், பின்பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டார். திருப்பியிருந்தாலும் இங்கிலீஷ் தெரியாது. அதற்குள் இன்னொரு மனசு, பூச்சிமருந்து டப்பா மேல் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற மனிதருக்கா தெரியாது என்றது.

உரக்கடையில் யூரியா மூட்டைகளும் அந்தக் கடைகளுக்கே உரிய காரமான நெடியும். அவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்கம்மா என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், எதிர்க்கடைக்கு டீ சொன்னார். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. குளவிப் புத்தகத்தை வேறு ஒருவர் அவசரமாகக் கேட்கிறார் என்று வழியில் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். குளவிப் புத்தகத்தை அவசரமாகக் கேட்கிற ஆள் உலகத்தில் யார் இருக்க முடியும் என்று சொல்லும்போதே எனக்குத் தோன்றியது.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தார். புரட்டினேன். சீட்டு இல்லை.

சீட்டை ஒட்டிவிட்டேன் என்று நீள நோட்டைத் திறந்து காட்டினார். என் கையெழுத்துதான். "ஜன்னலில் மண்கூடு கட்டினால் துடைப்பத்தால் தட்டிவிடுகிறவர்கள் படிக்க வேண்டும். தாய்க் குளவி சிலந்தியைக் கொல்லாமல் மயக்கி உள்ளே வைத்து மூடிவிடுகிறது. குஞ்சு வரும்போது தீனி கெடாமல் இருக்கும். குஞ்சைப் பார்க்கத் தாய் இருப்பதில்லை." பக்கத்தில் அவர் அபிப்பிராயம் எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

சீட்டின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். மற்றச் சீட்டுகளுக்கெல்லாம் நாலு மூலையில் மட்டும் பசை. இதற்கு முழுக்கத் தடவியிருந்தது. நகம் நுழையவில்லை. கிழித்தாலொழிய அதை இனி யாரும் எடுக்க முடியாது.

"பசை தடவத் திருப்புனப்ப பாத்துட்டேன்ங்க" என்றார்.

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். ஒரு விவசாயி வந்து நெல்லில் இலை சுருட்டுப் புழு என்று இலையைக் காட்டினார். இவர் அதைப் பிரித்துப் பார்த்து, எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி, ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்பினார். எனக்கு அந்த நேரம் கொடுமையாக இருந்தது.

பிறகு அவரே பேசினார். வீட்டில் சொல்லவில்லை, பையனிடமும் சொல்லவில்லை. முதல் நாள் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றுதான் நினைத்திருக்கிறார். அதை என்னிடம் மறைக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சிங்கப்பூருக்கு போன் போட்டு, எப்படிச் சொல்வது என்று பேச்சை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பையன் நிச்சயம் செய்த பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் இதைச் சொன்னாள், அவளுக்கு இது பிடிக்காதாம் என்று. இவர் சரிப்பா என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் முழுச் சீட்டுக்கும் பசை தடவினார்.

தான் பார்த்தது அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, சீட்டு இங்கே இருப்பது மட்டும் தெரியும் என்றேன்.

"அப்ப கெடச்சிருச்சு, எரிச்சுட்டேன்னு சொல்லிருங்க. நான் பாக்கலன்னு சொல்லிருங்க. அது அவங்க வாயால சொல்ல வேண்டிய விசயம்ங்க, நாம தட்டிப் பறிக்கக் கூடாது."

மருத்துவம் பார்க்கிறார்களா என்று அடுத்துக் கேட்டார். நான் மணவறை விஷயத்தைச் சொன்னேன். மொட்டைத் தலை என்ற வார்த்தை வந்ததும் அவர் முகத்தைத் திருப்பி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டார். தை வரைக்கும் தாங்காதுங்களே என்று மட்டும் சொன்னார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வந்து அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். சீட்டு கிடைத்துவிட்டது, நானே எரித்துவிட்டேன் என்றேன். அவரு பாக்கலயேங்க என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பார்க்கவில்லை என்றேன். அடுத்த நாள் கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தப்புச் செய்தது நான், நன்றி சொல்வது அவர். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சப்பட்ட நாள் வேறு இல்லை.

சீட்டு எழுதுவதை அப்போதைக்கு நிறுத்தினேன். புத்தகங்களில் இருந்த எல்லாச் சீட்டையும் உருவி, ஒன் சைடு கட்டையும் சேர்த்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கிக் கொட்டினேன். ஏன் சீட்டு இல்லை என்று வருகிறவர்கள் கேட்டார்கள். எழுத நேரமில்லை என்றேன். ஒருவர், சீட்டு இல்லாமல் எந்தப் புத்தகம் நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். படித்துத்தான் என்றேன். அவர் பட்டா நகலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். அந்தப் பெண் மறுபடி வந்தார். வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. கல்யாணத்தை ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே வைத்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம். ஜோசியர் சொல்லிவிட்டாராம். தையில் வைத்தால் பையனுக்கு ஆகாதாம், ஆவணி தாண்டக் கூடாதாம்.

"புத்தகம் படிக்கிற மனுசன்னு பேருங்க. இப்படி ஜோசியத்தைக் கட்டிக்கிட்டு அழுகுறாரு. இந்தாளு படிச்சு என்ன, படிக்காம என்ன?"

பேச்சு நிற்கவே இல்லை. சவுதியில் கணவருக்கு லீவு கிடைக்க வேண்டும், பையன் சிங்கப்பூரில் கெஞ்சி லீவை மாற்றியிருக்கிறான், பார்த்து வைத்த மண்டபம் இல்லை, சிறிய மண்டபம்தான் கிடைத்திருக்கிறது, நகைக்குச் சொன்ன ஆசாரி முடியாது என்கிறார். சம்பந்தியின் சொந்த அண்ணனே, ஊருக்கெல்லாம் அறிவு சொல்வான், இவனுக்கு ஜோசியப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசுகிறாராம். அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல், ஆவணி, ஆவணி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் மெஷினின் மூடியைத் திறந்து, சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன். அந்த மனிதருக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது என்பது எனக்குத் தெரியும். ராகு காலத்தில் பூச்சி சாகாதா என்று கேட்கிற ஆள். ஆடிக்குள்ளேயே முடித்துவிட அவர் ஆசைப்பட்டிருப்பார், ஆடியில் கல்யாணம் வைக்க இந்த ஜில்லாவில் எந்தப் பொய்யும் உதவாது. இருப்பதில் சீக்கிரமான நாளுக்கு ஒரு ஜோசியரைக் கண்டுபிடித்திருக்கிறார், அல்லது ஜோசியரே இல்லாமல் சொல்லியிருக்கிறார். ஊர் முழுக்க அவரை முட்டாள் என்கிறது. அவருக்காக ஒரு வார்த்தை பேச எனக்கு நாக்கு துடித்தது. பேசியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

பெரியவர்கள் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும், ஒத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் என்னையும் சேர்த்து ஏமாற்றத்தோடு பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் அடங்கியது. இன்னொன்றும் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, ஒரு விதத்தில் எனக்கும் சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானுங்களே என்றார். ஆமாங்க என்றேன்.

கல்யாணத்துக்குப் போனேன். பெண்ணின் அம்மா மெரூன் பட்டு கட்டி, பின்னல் நிறைய மல்லிகைப்பூ வைத்து, வருகிறவர்களையெல்லாம் சாப்பிடச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். மணவறையில் மகளுக்குப் பின்னால் நின்றபோது குனிந்து அவள் ஜடையைச் சரி செய்தார். உரக்கடைக்காரர் வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து, வாங்கம்மா, பந்தி காலியா இருக்கு, மொதல்ல சாப்புட்டுருங்க என்றார். அவ்வளவுதான் பேச்சு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பறவைப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தேன். யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று எழுதி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு உரக்கடைக்காரர் இரண்டு தடவை கடைக்கு வந்தார். கரையான் புத்தகம் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார், சுமார்தான் என்றார். மற்ற விஷயத்தை அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் ஜோசியம் பார்க்கிற ஆள் என்பது அதற்குள் இலுப்பூர்வரை வந்திருந்தது. தாலுகா ஆபீஸ் பியூன் அவரிடம் தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்க ஒரு நல்ல ஜோசியரைச் சொல்லச் சொன்னார். இவர் யோசித்து, சொல்கிறேன் என்றார்.

என் தப்பு நல்லதில்தானே முடிந்தது என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. அந்தச் சீட்டு வேறு யார் கைக்குப் போயிருந்தாலும் அந்த மகளின் கல்யாணம் நின்றிருக்கும். நல்லது நடந்தது எடுத்த ஆளால். அதில் எனக்குப் பங்கு இல்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள், அந்தப் பெண் கடைக்கு வந்தார். தலையை முந்தானையால் இறுக மூடியிருந்தார். புருவமும் இல்லை. முகம் கறுத்து, கொஞ்சம் ஊதியிருந்தது. மூன்று தடவை மருந்து ஏற்றியாகிவிட்டதாம், இன்னும் சில தடவை இருக்கிறதாம், அப்புறம் ஆப்பரேஷன். எப்படி முடியும் என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் தை வரை விட்டிருந்தால் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம் என்று திட்டினாராம். கார்டுக்காக மறுபடி சில காப்பி வேண்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் கோடு இல்லாமல் வந்தன. அவர் ஒவ்வொன்றையும் எண்ணிப் பைக்குள் வைத்தார், எதுவும் மிச்சம் இல்லை என்று நான் மெஷின் மூடியைத் திறந்து காட்டினேன்.

மழை விடட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், மகளிடமும் கணவரிடமும் சொல்லிவிட்டு, நேராக அன்னவாசலுக்குப் போய்ச் சம்பந்தி வீட்டில் தானே சொல்லிவிட்டதாகச் சொன்னார். மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாராம். சம்பந்தியம்மாள் பதறிப்போய்ப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார். அந்த வீட்டு வண்டியில்தான் இப்போது தஞ்சாவூருக்குப் போய் வருகிறாராம்.

"சம்பந்திதாங்க ஒரு வார்த்த பேசல. கேட்டுக்கிட்டே இருந்தாரு, கண்ணுல தண்ணி நிக்கிது. அப்புறம் எந்திரிச்சு உள்ள போயிட்டாரு" என்றார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். "அந்த மனுசன ஜோசியப் பைத்தியம்னு எவ்வளவு பேசிட்டேன். பாவம்ங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

ஆமாங்க, அவருக்குத் தெரியாது என்றேன்.